தூக்க மருந்தல்ல, இருட்டின் சேதி

1996 மே 25ஆம் திகதி இலங்கையின் கடிகாரங்கள் ஒரே இரவில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் மின்வெட்டு. மாலை வெளிச்சம் நீண்டால் மின்சாரம் மிஞ்சும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அந்த ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரமாகவே இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தை விடவே இல்லை.

பதுளையில் ஜனவரிக் கடைசியில் சூரியன் எழுவது ஏறத்தாழ 6.25க்கு. அரை மணித்தியாலம் கூடிய புதிய நேரப்படி அது 6.55. கிழக்கே நமுனுகுல மலை நிற்கும் தேயிலைத் தோட்டங்களுக்கு வெயில் வந்து சேர இன்னும் பிந்தும். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாயும், ஏழரை மணிப் பாடசாலைக்கு மலை இறங்கி நடக்கும் பிள்ளையும் இருட்டிலேயே வீட்டை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

சுவர்க் கடிகாரம் அரசாங்கத்தின் சொல்லைக் கேட்டது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் கேட்கவில்லை. அது முக்கியமாக வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமே கட்டுப்படும். இருட்டிவிட்டது என்பதை அந்தக் கடிகாரத்தின் சார்பில் உடம்பெங்கும் அறிவிக்கும் ஹோர்மோன் மெலடோனின். பலருக்கு அது ஒரு தூக்க மாத்திரையின் பெயராகத்தான் தெரியும். தவளை, எலி, குருவி, ஹாம்ஸ்டர், மீன் என்று நூறாண்டாக நடந்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது என்பது விளங்கும்.

தவளையில் தொடங்கிய தேடல்

1917இல் அமெரிக்காவில் மக்கோர்ட், அலன் என்ற இருவர் மாட்டின் மூளையிலிருந்து எடுத்த பினியல் சுரப்பியைத் தவளையின் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவற்றின் கருமை வெளிறி, தோலுக்குள்ளே குடலும் தெரியும் அளவுக்கு உடம்பு கண்ணாடியானது. தோலைக் கருமையாக்கும் நிறத்துகள்கள் கலங்களின் நடுவே ஒடுங்கிப் போனதே காரணம். அப்படிச் செய்யும் பொருள் எதுவென்று அப்போது எவராலும் பிரித்துக்காட்ட முடியவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து யேல் பல்கலைக்கழகத்துத் தோல் வைத்தியர் ஆரோன் லேர்னர் அந்த வேலையை எடுத்தார். தோலில் வெண்படை ஏன் வருகிறது என்பதற்கு இந்தச் சுரப்பியில் விடை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாடுகளின் பினியல் சுரப்பிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து, வடித்து, 1958இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு மெலடோனின் என்று பெயர் வைத்ததும் அவரே. வெண்படைக்கு அது உதவவில்லை. ஆனால் மூளை நேரத்தை எப்படி அறிகிறது என்ற கேள்விக்கு அங்கிருந்துதான் வழி திறந்தது.

கண்ணிலிருந்து கழுத்து வழியாக

மனிதரில் பினியல் சுரப்பி மூளையின் நடுப்பகுதியில், ஒரு சென்ரிமீற்றரை விடச் சிறிதாக இருக்கிறது. வெளிச்சம் அதை நேராகத் தொடுவதில்லை. விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அளப்பதற்கென்றே சில நரம்புக்கலங்கள் உண்டு. அவற்றிலுள்ள மெலனொப்சின் என்ற ஒளியுணரி நீல வெளிச்சத்தால் அதிகம் தூண்டப்படும். அந்தக் கலங்கள் கண்நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு நரம்புத் திரளுக்குச் செய்தி அனுப்புகின்றன. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். 1972இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக எலிகளில் அந்தத் திரளை அழித்துப் பார்த்தன. எலிகள் உயிரோடு இருந்தன, தின்றன, ஓடின; எதற்கும் வேளை மட்டும் இல்லாமல் போயிற்று.

அந்தத் திரளிலிருந்து பினியலுக்குப் போகும் பாதை விசித்திரமானது. மூளையில் பக்கத்தில் இருக்கும் சுரப்பிக்குச் செய்தி நேராகப் போகாமல், முள்ளந்தண்டுக்குள் நெஞ்சு மட்டம் வரை இறங்கி, வெளியே வந்து, கழுத்திலுள்ள ஒரு நரம்புமுடிச்சில் ஏறி, மறுபடி தலைக்குள் திரும்புகிறது. அந்த நரம்பின் நுனியில் சுரக்கும் நொரட்ரீனலின் இரவில் பினியலைத் தூண்ட, அங்கே செரட்டோனினை மெலடோனினாக மாற்றும் வேலை தொடங்குகிறது. எலிகளில் அந்த மாற்றத்தின் முக்கிய நொதி பகலை விட இரவில் நூறு மடங்குக்கும் மேல் வேகமாக இயங்கும். நடு இரவில் விளக்கைப் போட்டால் சில நிமிடங்களிலேயே அதன் வேகம் பாதியாகிவிடும்.

இந்தச் சுற்றுப்பாதையை வைத்தியர்கள் மனிதரிலும் காண்கிறார்கள். விபத்தில் கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு நரம்பு அறுந்தவர்களுக்கு மூளையும் பினியலும் நன்றாக இருந்தும் இரவு மெலடோனின் எழுவதில்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் சிலவும் அதைக் குறைக்கின்றன. பினியலில் நொரட்ரீனலினை ஏற்கும் வாயிலையே அவை அடைத்துவிடுவதுதான் காரணம்.

எலி விழிக்கிறது, மனிதன் தூங்குகிறான்

தூக்கத்துக்குரிய ஹோர்மோன் என்ற பெயர் முதலில் இடறுவது எலியிடம்தான். எலி இரவில் நடமாடும் பிராணி. மனிதரைப் போலவே அதற்கும் மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது. மெலடோனின் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் அது வளையை விட்டு வந்து, இரை தேடி, சண்டை பிடிக்கிறது.

முன்பு தோட்டங்களில் விடியுமுன் தப்பு என்ற பறையை அடித்துப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவார்கள். ஒரே தப்பொலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண் எழுந்து அடுப்பு மூட்டுவாள். இரவெல்லாம் காவல் இருந்தவர் படுக்கப் போவார். நேரம் என்ன என்பதைச் சொல்வதோடு தப்பின் வேலை முடிந்தது. மெலடோனின் செய்வதும் அதுதான். இருட்டிவிட்டது என்ற சேதியை வைத்து என்ன செய்வது என்பதை அந்தந்த உயிரின் மூளையே முடிவு செய்கிறது.

1983இல் ரெட்மன், ஆம்ஸ்ட்ரோங் ஆகியோர் எலிகளை இருட்டிலேயே வைத்தார்கள். வெளிச்சக் குறிப்பு இல்லாததால் அவற்றின் நாள் 24 மணித்தியாலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. தினமும் ஒரே நேரத்தில் மெலடோனின் ஊசி போட்டதும், ஓடும் நேரம் அந்த ஊசி நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிலைபெற்றது. ஊசி எலியைத் தூங்க வைக்கவில்லை. அதன் கடிகாரத்தைத் திருத்தியது.

ஊர்க்குருவியில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பறவைகளில் பினியலே ஒரு கடிகாரம். 1968இல் காஸ்டன், மெனாக்கர் இருவரும் குருவிகளின் பினியலை அகற்றி இருட்டில் விட்டபோது, கிளைக்குக் கிளை தாவும் நேர ஒழுங்கு குலைந்தது. 1979இல் மெனாக்கரும் சிம்மர்மனும் அடுத்த படிக்குப் போனார்கள். வேறொரு குருவியின் பினியலை எடுத்து, பினியல் இழந்த குருவியின் கண்ணின் முன்னறையில் வைத்தார்கள். சில நாட்களில் ஒழுங்கு திரும்பியது. வந்த ஒழுங்கோ, சுரப்பியைக் கொடுத்த குருவியின் நேரப்படி இருந்தது.

அப்படியானால் தூக்கத்தோடு மெலடோனினுக்குத் தொடர்பே இல்லையா? பகலில் நடமாடும் உயிர்களில் உண்டு. சீப்ரா மீன் நம்மைப் போல் பகலில் விழித்து இரவில் உறங்குவது. 2015இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் டேவிட் புரோபரின் குழு மெலடோனின் உண்டாக்க முடியாத சீப்ரா மீன்களை உருவாக்கியது. அவற்றின் இரவுத் தூக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பகலாடிகளின் மூளை, இருட்டின் சேதியைப் படுக்கப் போவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறது.

எந்தப் பிராணி என்பதும் கேள்வி

விலங்காராய்ச்சியை வாசிக்கும்போது எந்த விலங்கு என்று பார்க்காமல் விட்டால் ஏமாந்துவிடுவோம். உலகின் ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57 கறுப்பு எலியால் மெலடோனினைச் சரிவர உண்டாக்க முடியாது என்பது 1986இல் தெரிய வந்தது. உற்பத்திப் பாதையின் நொதிகள் அதில் மரபணுப் பிழையால் கெட்டுப் போயிருக்கின்றன. ஆனாலும் அந்த எலி நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுகிறது. தலைமைக் கடிகாரம் தானே ஓடக்கூடியது, மெலடோனின் அதன் சேதிகளில் ஒன்று என்பதற்கு அது சான்று. மெலடோனின் எலியைக் காப்பாற்றியது என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்தால், எந்த வகை எலி, எந்த வேளையில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்காமல் நம்பக்கூடாது.

வெப்பநாட்டுப் பகலாடியைத் தேடியவர்களுக்கு அணில் கைகொடுத்தது. காசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹல்தாரின் ஆய்வுக் குழு, முதுகில் ஐந்து கோடு உள்ள வட இந்திய அணிலில் பினியல் சுரப்பியையும் இனப்பெருக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் நீண்டகாலம் ஆராய்ந்தது. ஆண்டுக்குள் பினியலின் சுறுசுறுப்பு ஏறும் காலத்தில் இனப்பெருக்க உறுப்புகள் ஒடுங்குவதையும், அது இறங்கும் காலத்தில் அவை வளர்வதையும் காட்டியது. நம் தோட்டத்துச் சவுக்கு மரங்களில் ஓடும் மூன்று கோட்டு அணில் அதன் நெருங்கிய உறவு.

மதுரையில் ஆராய்ச்சி நடந்தது வேறு திசையில். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். அதே இன வௌவால் இலங்கையிலும் உண்டு. வெளிச்சமே படாத குகைக்குள் கூண்டில் அடைத்த வௌவாலும், சுற்றியிருந்த கூட்டம் மாலையில் கிளம்பி விடியலில் திரும்பும் சந்தடியை வைத்தே 24 மணித்தியால ஒழுங்கைக் காத்துக்கொண்டது என்று 1981இல் எழுதினார்கள். கூட்டத்தை விட்டுத் தனியே வைத்தபோது அந்த ஒழுங்கு நழுவியது. ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னிய வெளிச்சமும் அவற்றின் கடிகாரத்தைத் திருப்பிவைத்தது என்று 1984இல் வெளியிட்டார்கள். வெளிச்சத்துக்கு அடுத்தபடியாக, கூட வாழ்பவர்களின் அசைவும் கடிகாரத்தை நடத்தும் என்பது இந்த மண்ணில் கிடைத்த பாடம்.

பதுளையின் 49 நிமிடம்

இரவின் நீளத்தை அளப்பதும் மெலடோனினின் வேலை. இரவு நீண்டால் அது சுரக்கும் நேரமும் நீளும். சிரிய ஹாம்ஸ்டரின் பகல் 12½ மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அதன் விதைகள் சுருங்கும். பினியலை எடுத்துவிட்டால் எவ்வளவு நீண்ட இரவிலும் சுருங்காது. 1960களில் ஹொஃப்மன், ரைட்டர் இருவரும் இதைக் காட்டினார்கள். பினியல் இல்லாத இளம் சைபீரிய ஹாம்ஸ்டர்களுக்கு 1983இல் கார்ட்டர், கோல்ட்மன் இருவரும் மெலடோனினைக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் குறைந்த நேரம் செலுத்தினால் உடம்பு கோடை என்று எடுத்துக்கொண்டது, நீண்ட நேரம் செலுத்தினால் குளிர்காலம் என்று எடுத்துக்கொண்டது.

பதுளை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இங்கே ஜூன் மாதத்து மிக நீண்ட பகல் 12 மணித்தியாலம் 32 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 11 மணித்தியாலம் 43 நிமிடம். வித்தியாசம் 49 நிமிடம். இலண்டனில் அது எட்டரை மணித்தியாலத்துக்கும் மேல். சிரிய ஹாம்ஸ்டரின் எல்லையைப் பதுளையின் பகல் ஜூனில் மட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும்; மற்ற மாதங்களில் அந்தப் பிராணிக்கு இங்கே எப்போதும் குளிர்காலம்தான்.

இவ்வளவு சிறிய மாற்றம் வெப்பநாட்டு உயிர்களுக்குத் தெரியவா போகிறது என்று விஞ்ஞானிகளே நினைத்திருந்தார்கள். பனாமாக் காட்டில், 9 பாகையில், எறும்புப் படைகளின் பின்னே இரை தேடும் ஒரு சிறு பறவை அந்த எண்ணத்தை மாற்றியது. 1998இல் மிஹாயெலா ஹாவ் குழு அதன் பகலை 17 நிமிடம் மட்டும் நீட்டியது. அதன் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கின. பறவைகளில் இந்த அளவையை முக்கியமாகச் செய்வது மூளையின் ஆழத்திலுள்ள ஒளியுணரிகளே என்றாலும், பதுளையின் 49 நிமிடத்தை உணரக்கூடிய கூர்மை உயிர்களில் இருக்க முடியும் என்பது அதிலிருந்து உறுதியாகிறது.

ஸ்டோரில் இரவு

இவ்வளவும் தோட்டத்து மனிதருக்கு எங்கே வந்து சேர்கிறது? ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வேலையில். பகலில் பறித்த கொழுந்தைப் பன்னிரண்டு, பதினாறு மணித்தியாலம் வாட்டிய பிறகுதான் ரோலரில் போட முடியும். அதனால் அரைப்பும் புளிப்பேற்றலும் உலர்த்தலும் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தொடங்குகின்றன. இந்த ஊவாப் பகுதித் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வரண்ட காற்றும் குளிர்ந்த இரவும். அந்த மணம் கெடாமல் பிடிக்க வேண்டியதும் அந்த இரவுகளில்தான். ரியூப் லைட் வெளிச்சத்தில் நிற்கும் தொழிலாளியின் உடம்பில் மெலடோனின் உச்சத்துக்கு ஏற வேண்டிய வேளையும் அதுவே: இரண்டு மணி, மூன்று மணி.

அந்த வேளையில் வெளிச்சம் படுவதன் விளைவை 2005இல் டேவிட் பிளாஸ்க் ஓர் ஆய்வில் காட்டினார். பெண்களிடமிருந்து மூன்று நிலைகளில் இரத்தம் எடுத்தார்: பகலில், இருட்டான இரவில், இரவில் பிரகாசமான வெளிச்சம் பட்ட பிறகு. மனித மார்பகப் புற்றுக் கட்டியைச் சுமந்த எலிகளில் கட்டிக்குள் அந்த இரத்தத்தைச் செலுத்தினார். இருட்டில் எடுத்த இரத்தம் கட்டியின் வளர்ச்சியை அடக்கியது. வெளிச்சம் பட்டு மெலடோனின் குறைந்த இரத்தம் அடக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் இரவுப் பணியைப் புற்றுநோயை அனேகமாக உண்டாக்கக்கூடியவற்றில் சேர்த்தது; 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அந்த முடிவை மாற்றவில்லை. மனிதரிடம் கிடைத்த சான்றுகள் ஒன்றுக்கொன்று முற்றாக ஒத்துப்போகவில்லை என்பதால்தான் உறுதியாக என்று சொல்லாமல் அனேகமாக என்றார்கள்.

வீட்டுக்குள்ளும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. குப்பி விளக்கின் மங்கிய மஞ்சள் வெளிச்சம் மெலடோனினை அதிகம் தொட்டதில்லை. இன்று ஒரே அறை லயத்தில் பல்பும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் எல்லோர் கண்ணிலும் ஒன்றாகவே விழுகின்றன. 2011இல் 116 பேரிடம் செய்த ஆய்வில், படுக்கும் முன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மங்கிய வெளிச்சத்தில் இருந்தவர்களை விட மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் குறைந்திருந்தது. இரவுப் பிளேன்டீயும் கணக்கில் வரும்: படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன் இரண்டு கோப்பை கடுங்கோப்பி அளவு கஃபீன் கொடுத்தபோது மெலடோனினின் எழுச்சி 40 நிமிடம் பிந்தியது என்று 2015இல் அளந்தார்கள். தேநீரில் கஃபீன் அதை விடக் குறைவு. ஆனாலும் ஒரு கோப்பையோடு நிறுத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மாத்திரை வாங்கும் முன்

மெலடோனின் மாத்திரை யாருக்கு உதவும் என்பதையும் விலங்குகளே முன்கூட்டிச் சொல்லிவிட்டன. இருட்டில் வைத்த எலியைப் போல, கண்பார்வை முற்றாக இல்லாத சிலருக்கு நாள் ஒழுங்கு நழுவிப் போகும். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுக்கும் மெலடோனின் பெரும் உதவி. தூரதேச விமானப் பயணத்தால் நேரம் குழம்பியவர்களுக்கும் உதவும். மற்றவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அது தூங்க வைப்பதில்லை: பல பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் தூக்கம் வரும் நேரம் முன்வந்தது சராசரியாக 7 நிமிடம்தான். கனடாவில் விற்பனையான 31 வகை மாத்திரைகளை 2017இல் சோதித்தபோது, உள்ளே இருந்த அளவு லேபிளில் இருந்ததற்கு 83 சதவீதம் குறைவிலிருந்து 478 சதவீதம் கூடுதல் வரை மாறியது. வைத்தியரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் குடிப்பவர், எவ்வளவு குடிக்கிறார் என்பதே தெரியாமல் குடிக்கிறார். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

காசில்லாமல் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே பெரிய பல்பை அணைத்து மங்கிய மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுங்கள். பிள்ளைகள் படுக்கும் பக்கத்தில் தொலைபேசித் திரை வேண்டாம். எழுந்ததும் முதல் வேலையாக வெளியே வந்து வெயிலைக் கண்ணில் வாங்குங்கள்; இரவில் மெலடோனின் சரியான வேளைக்கு எழுவது காலை வெளிச்சத்தையும் பொறுத்தது.

ஸ்டோரில் இரவு நிற்பவருக்கு இந்த அறிவுரை போதாது. தகரக் கூரையின் கீழ், பிள்ளைகளும் தொலைக்காட்சியும் உள்ள ஒரே அறையில் அவர் பகலில் எப்படித் தூங்குவார்? ஒரே ஆளைத் தொடர்ந்து மாதக்கணக்கில் இரவில் நிறுத்தாத முறைவேலை, வேலை முடிந்ததும் படுக்க ஸ்டோருக்கு அருகே இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை, இரவு வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை: இந்த மூன்றும் தோட்ட நிர்வாகத்தால் செய்யக்கூடியவை. சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கங்கள் அடுத்த முறை நாட்சம்பளத்தோடு இவற்றையும் மேசையில் வைக்க வேண்டும்.